நாலாவது ஆளாக வந்த கல்

கடிதம் வந்தது நவம்பரில், முதற்பனி விழுந்த கிழமை. உறையின் மேல் மகனின் பெயர் இருந்தது. மகன் வீட்டில் இல்லை. அவனை வீட்டைவிட்டுப் போகச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகப்போக என்னை நல்ல மனிதன் என்று நினைத்துவிடுவீர்கள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அது எங்கள் பரம்பரைச் சொத்து. காணி பூமியெல்லாம் கைவிட்டுப் போனபிறகும் அது மட்டும் குறையாமல் என்னோடு மொன்ட்ரியால் வரை வந்துவிட்டது. பொறியியல் படித்துக்கொண்டிருந்த மகன், இரண்டாம் வருடம் முடிந்ததும் அதை விட்டுவிட்டுக் கற்களையும் பாறைகளையும் பற்றிய படிப்புக்கு மாறியிருந்தான். மாறிய பிறகுதான் எனக்குச் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு சொன்னான்.

"கல்லைப் படிச்சு என்ன செய்யப்போறாய்? கல்லு உனக்குச் சோறு போடுமோ?" என்று கேட்டேன்.

"அப்பா, உங்களுக்கு அது விளங்காது."

அது போதுமாயிருந்தது. "விளங்காத ஆளின்ரை வீட்டில நீ என்னத்துக்கு இருக்கிறாய்? வெளிக்கிடு!" என்று கத்தினேன். எங்கள் வீடுகளில் தகப்பன்மார் இப்படிச் சொல்வது வழக்கம்தான். சொல்கிறவர் அதை மனதாரச் சொல்வதில்லை, கேட்கிறவரும் போவதில்லை. கொஞ்ச நேரத்தில் தாய்க்காரி தேநீரோடு வருவாள், விஷயம் முடிந்துவிடும். ஆனால் இவன் இங்கே வளர்ந்த பிள்ளை. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டான். அடுத்த கிழமையே நகரின் மறுகோடியில், மொன்ட்ரியால்-நோரில், இரண்டு நண்பர்களோடு ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டான்.

அது செப்டெம்பர். அதன் பிறகு நான் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத் தாயோடு தொலைபேசியில் கதைப்பான். அவன் அழைப்பு எடுத்த நாட்களில் கறியில் உப்பு சரியாக இருக்கும். அதை வைத்தே நான் அறிந்துகொள்வேன். கேட்கமாட்டேன்.

இனிக் கடிதத்துக்கு வருகிறேன். அரிசோனாப் பாலைவனத்தின் நடுவில் ஒரு மலை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள இடத்தைப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். பூங்கா என்றதும் ஊஞ்சலும் ஐஸ்கிரீம் வண்டியும் நினைத்துவிடாதீர்கள். அங்கே மரநிழல்கூடக் கிடையாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் ஏறலாம் என்று கட்டுப்பாடு. முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். சண்டைக்கு முன்னால், நாங்கள் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், மகன்தான் நாலு பேருக்கும் விண்ணப்பம் போட்டான். மார்ச் மாதம் மகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறைக் கிழமையில் போவதென்று ஏற்பாடு. விமானச் சீட்டுகளும் அப்போதே எடுத்தாகிவிட்டது. அனுமதி கிடைத்திருந்தது, கேட்டவன்தான் வீட்டில் இல்லை.

உறையை மனைவி பிரித்தாள். உள்ளே அனுமதிச் சீட்டு ஒன்றும், பார்வையாளர் விதிகள் அடங்கிய தடித்த சிறுநூல் ஒன்றும் இருந்தன. அனுமதிச் சீட்டில் மகனின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. சிறுநூலை மட்டும் எடுத்துக்கொண்டு என் கதிரைக்குப் போய்விட்டேன்.

விதி என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. போத்தல் மூடிகள் செய்யும் தொழிற்சாலையில் நான் மேற்பார்வையாளன். கையுறை போடு, தலைமயிரை மூடு, மஞ்சள் கோட்டைத் தாண்டாதே என்று எழுதி ஒட்டுவதும், ஒட்டியதை வாசிக்காதவர்களைப் பிடித்து ஏசுவதும் என் வேலை. அந்தச் சிறுநூலை ஒரே இருப்பில் வாசித்து முடித்தேன். இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட விதிகளை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆளுக்கு நாலு லீற்றர் தண்ணீர். கண்ணாடிப் போத்தல் கூடாது. கை எட்டுமிடமெல்லாம் கை வைக்காதே. பார்க்கமுடியாத இடத்தில் பாம்பும் தேளும் படுத்திருக்கும். பாதையைவிட்டு இறங்காதே. தோடம்பழத் தோலைக்கூட எறியாதே. அங்கிருந்து ஒரு பூவோ தடியோ கல்லோ எடுக்காதே. தண்ணீரில் பாதி முடிந்ததும், எங்கே நின்றாலும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்பிவிடு.

"மூண்டு பேரும் போவம்," என்று மனைவியிடம் சொன்னேன். "அவன் வராட்டி என்ன? சீட்டு வந்திட்டுது. விதி எல்லாம் விளக்கமா இருக்கு."

மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "மூண்டு பேராப் பயணம் வெளிக்கிடுறதோ? நல்லாயிருக்கு."

அந்த நம்பிக்கை எங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் புறப்பட்டால் காரியம் கெடும். வேறு வழியில்லாவிட்டால் ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொள்ளவேண்டும்; கல் நாலாவது ஆளாகிவிடும். கனடாவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் மனைவி அதை விடவில்லை. மளிகைக் கடைக்கு மூன்று பேராகப் போனால்கூடக் காரின் முன்பெட்டிக்குள் ஒரு கூழாங்கல் கிடக்கும்.

"அப்ப ஒரு கல்லைக் கொண்டு வாரும். பிரச்சினை முடிஞ்சுது," என்றேன். வீறாப்புத்தான். அவள் மகனைக் கூப்பிடச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் என்னைத் தெரியும். பனிக்கோட்டைப் போட்டுக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். தக்காளிப் பாத்தியின் ஓரத்தில் அடுக்கியிருந்த கற்களைப் பனிக்குள் கிண்டி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, தேங்காய்ப் பாதியளவில் சாம்பல் நிறக் கல் ஒன்றைக் கொண்டுவந்தாள். குசினியில் கழுவித் துடைத்து, விபூதியும் பூசி, என் முதுகுப்பைக்குள் வைத்தாள்.

"வேற சின்னக் கல்லு கிடைக்கேல்லையோ?"

"நாலாவது ஆள் எண்டால் ஒரு பாரம் இருக்கத்தான் செய்யும்," என்றாள்.

மொன்ட்ரியாலின் மேற்கே, பியர்பொன்ட்ஸில், எங்கள் வீடு அந்தக் குளிர்காலம் முழுவதும் பாலைவனத்துக்குப் பயிற்சி எடுத்தது. சப்பாத்துகளைக் குறைந்தது ஒரு மாதம் போட்டுப் பழகவேண்டும் என்பது விதி. தமிழ் வீட்டுக்குள் யார் சப்பாத்தோடு நடப்பது? மனைவி வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் மகள் தீர்ப்புச் சொன்னாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. நியாயம் பிளப்பதில் என்னையும் மிஞ்சுவாள். புதுச் சப்பாத்து இன்னும் தெருவை மிதிக்கவில்லை, ஆகவே அது சுத்தம், வீட்டுக்குள் போடலாம் என்றாள். அன்றிலிருந்து எங்கள் மரத்தரையில் மூன்று சோடி மலைச் சப்பாத்துகள் தடதடத்தன. மனைவி அதைப் போட்டுக்கொண்டு தோசை சுட்டாள். விளக்கு வைக்கும் நேரம் மட்டும் கழற்றிவிட்டு, கும்பிட்டபின் திரும்பவும் போட்டாள். பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருநாள் கதவைத் தட்டி, வீட்டில் திருத்தவேலை நடக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மகள் தன்னைப் பூங்காக் காவலராக நியமித்துக்கொண்டாள். சிறுநூல் அவள் கையில்தான் இருக்கும். "ரெக்லமொன், அப்பா! விதி!" என்று விரலை நீட்டுவாள். பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைக் குப்பையில் போடப்போனால், பாலைவனத்தில் குப்பைவாளி கிடையாது, பையில் கட்டி வை என்பாள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்றொரு விதி இருந்தது. மனைவி அதைக் கோயிலில் அன்னதான வரிசை முழுவதற்கும் சொல்லிவிட்டாள். கள்ளிமுள் தைத்தால் இழுத்தெடுக்க ஒரு சீப்புக் கொண்டுவா என்று போட்டிருந்தது. அதைச் சாட்டாக வைத்து மனைவி பவுடர், பொட்டு, கண்ணாடி எல்லாவற்றையும் பைக்குள் போட்டாள்.

ஒரே ஒரு விதிக்குத்தான் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மலையில் மலசலகூடம் இல்லை. அவசரம் வந்தால் அதற்கென்று ஒரு பை தருவார்கள். அதில் கட்டிக் கீழே கொண்டுவரவேண்டும்.

"சீ! என்ன கோதாரிச் சட்டம் இது?" என்றாள். "நான் விடியவே எல்லாம் முடிச்சுக்கொண்டு வாறன். உந்தப் பையை நீங்களே வைச்சிருங்கோ."

உப்புள்ள தின்பண்டம் கொண்டுவரவும் என்ற விதி மட்டும் தனக்காகவே எழுதப்பட்டது என்று அவள் நம்பினாள். பருத்தித்துறை வடை சுட்டுச் சுட்டுத் தகரத்தில் அடுக்கினாள். மொறுமொறுவென்று உறைப்பும் உப்புமாக, ஒரு மாதம் வைத்தாலும் பழுதுபடாத வடை. வெள்ளைக்காரன் பாலைவனத்துக்கு எழுதிய விதிக்கு எங்கள் வடை இவ்வளவு பொருத்தமாக வந்து அமர்ந்ததில் எனக்கும் பெருமைதான். பயிற்சிக்கு என்று சொல்லி மூன்று தகரம் வடையை வீட்டிலேயே தின்று முடித்தோம்.

ஜனவரியில், சப்பாத்துகள் தெருவைக் காணும் நாள் வந்தது. மொன்ட் றோயல் மலைக்குப் போனோம். குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபது. ஆளுக்கு நாலு லீற்றர் தண்ணீர் முதுகில். என் பைக்குள் மேலதிகமாகக் கல். பனிச்சறுக்கல்காரர் எங்களை விலத்திக்கொண்டு போனார்கள். அகன்ற வெயில்தொப்பிகளைக் கம்பளித் தொப்பிக்கு மேல் போட்டுப் பழகியதால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாய் ஒன்றைக் கூட்டிவந்த ஒரு பெண் நின்று, "எங்கே போகிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"ஓ தெசேர், மதாம்," என்றாள் மகள். பாலைவனத்துக்கு. அந்தப் பெண் சிரிக்கவில்லை. நல்லபடி போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

பாதி மலையில் தாகம் எடுத்தது. போத்தலைத் திறந்து கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. பன்னிரண்டு லீற்றரும் கட்டிபட்டிருந்தது. திரும்பலாம் என்றேன். காவலர் விடவில்லை. பாதித் தண்ணீர் முடிந்தால்தான் திரும்பலாம், இன்னும் ஒரு மிடறுகூட முடியவில்லை என்று சாதித்தாள். மனைவி சிரித்துச் சிரித்துப் பனியில் குந்தியிருந்தேவிட்டாள். நானும் இருந்தேன். அப்படி நாங்கள் சிரித்து வெகுநாளாகியிருந்தது. மகள் கைகளை விரித்து எங்கள் மேல் பனியை அள்ளிக் கொட்டினாள். பிறகு சிரிப்பு அடங்கியது. மகன் இருந்தால் இந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருக்கும். மனைவி என் பையை வெளியே தடவிப் பார்த்து, "கல்லு இருக்குத்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

பயணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போதுதான் இடி விழுந்தது. மகள் ஆவணங்களை ஒழுங்காக அடுக்குகிறேன் என்று, நான் தொடாமல் விட்டிருந்த அந்த அனுமதிச் சீட்டை எடுத்தாள். முன்பக்கம் பெயர்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் நாலு வரி. உரக்க வாசித்தாள். குழுத் தலைவராகப் பெயர் குறிக்கப்பட்டவர் நேரில் வந்து கையெழுத்திடவேண்டும். அவருக்குப் பதில் வேறொருவர் வரமுடியாது. அவர் வராவிட்டால் குழுவில் ஒருவரும் உள்ளே போகமுடியாது.

"ஆர் தலைவர்?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"அண்ணா," என்றாள் மகள்.

தொழிற்சாலையில் அறிவித்தல் வாசிக்காமல் பிழைவிட்டவர்களிடம், "ஒட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியேல்லையோ?" என்று கேட்பவன் நான். மூன்று மாதம் என் வீட்டு மேசையில் கிடந்த தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. வீறாப்பு கண்ணை மறைத்துவிட்டது.

"சுகமில்லாமல் படுத்திட்டான் எண்டு அங்க சொல்லிப் பாப்பம்," என்றேன்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்களோ? விதி விதி எண்டு எங்களைச் சப்பாத்தோட தோசை சுட வைச்ச மனிசன், இப்ப பொய் சொல்லி உள்ளுக்கை போகப் பாக்கிறியளோ? சுகமா இருக்கிற பிள்ளையைச் சுகமில்லை எண்டு சொல்ல வாய் வருமோ உங்களுக்கு?"

வரவில்லை.

"போய்க் கூப்பிடுங்கோ," என்றாள் பிறகு, குரலைத் தணித்து. "நான் கூப்பிட்டால் வருவான். ஆனால் போகச் சொன்னது நானில்லை."

சனிக்கிழமை காலை புறப்பட்டேன். முந்தின நாள் விழுந்த பனியில் கார் புதைந்து கிடந்தது. முதுகுப்பையை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வெறுங்கையோடு மகனிடம் போக வெட்கமாக இருந்தது போலும். பஸ், மெட்ரோ, பிறகு இன்னொரு பஸ். வழி முழுவதும் என்ன சொல்வதென்று யோசித்தேன். தகப்பன் என்ற முறையில் ஒரு பேச்சு, பெருந்தன்மையாக ஒரு பேச்சு, சும்மா அந்தப் பக்கம் வந்ததுபோல் ஒரு பேச்சு. மெட்ரோவில் எனக்கு முன்னால் இருந்த அம்மாள் நான் முணுமுணுப்பதைப் பார்த்து இடம் மாறி இருந்தாள்.

மூன்றாம் மாடி. கதவைத் திறந்தது அவன்தான். மெலிந்திருந்தான். தாடி விட்டிருந்தான். என்னைப் பார்த்தான், என் முதுகுப்பையைப் பார்த்தான், காலில் மலைச் சப்பாத்தைப் பார்த்தான்.

"பயிற்சிக்கு நடந்து வந்தனான்," என்றேன். பஸ்ஸில் யோசித்த மூன்று பேச்சில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"பியர்பொன்ட்ஸில இருந்தோ?"

"இடையில பஸ்ஸும் எடுத்தனான்."

அவன் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறான். உள்ளே வரச் சொல்லி விலகி நின்றான். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபோதுதான் வாசலில் இருந்த மற்றச் சோடியைக் கண்டேன். மலைச் சப்பாத்து. பனி உருகத் தெருவில் போடும் உப்பு வெள்ளையாகப் படிந்து, முன்பக்கம் மடிந்து, நன்றாகப் பழகிய சப்பாத்து. நிமிர்ந்தால், குசினியில் பிரிட்ஜ் கதவில் அதே சிறுநூல். விண்ணப்பத்தோடு அவனுக்கு வந்த பிரதியாக இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் மகள் அடிக்கோடிட்ட அதே வரிகளுக்கு இவனும் கோடிட்டிருந்தான்.

நாங்கள் மூன்று பேரும் மொன்ட் றோயலில் ஏறிய அந்தக் குளிரில், இவன் எங்கேயோ தனியாக நடந்து பழகியிருக்கிறான். வருவேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. வா என்றும் ஒருவர் சொல்லவில்லை.

"பாரமா இருக்கு, பையைக் கழட்டுங்கோ," என்று அவனே வாங்கி மேசையில் வைத்தான். வைத்த சத்தத்தில் சந்தேகப்பட்டுத் திறந்தான். தண்ணீர்ப் போத்தல்கள், ஒரு தகரம் வடை, அடியில் கல்.

"உதென்ன?"

"அது..." என்றேன். "கொம்மா மூண்டு பேராப் போகக்கூடாதெண்டு எடுத்து வைச்சவ. நாலாவது ஆள். அது நீதான்."

அவன் கல்லைக் கையில் எடுத்தான். விபூதியைப் பெருவிரலால் துடைத்துவிட்டுத் திருப்பிப் பார்த்தான். "இது என்ரை கல்லு," என்றான். "எனக்கு ஏழு வயசு. ஆத்தங்கரையில பொறுக்கினது. நீங்கள் கூடத் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள், என்னாலை ஏலாதெண்டு."

எனக்கு நினைவில்லை. தக்காளிப் பாத்தியைச் சுற்றி இருந்தவை எல்லாம் அவன் சின்ன வயதில் கொண்டுவந்து குவித்தவை என்பது மட்டும் மங்கலாக நினைவு வந்தது. காற்சட்டைப் பைக்குள் கல், படுக்கையில் கல், உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குள் கடகடவென்று கல். அதற்கும் ஏசியிருக்கிறேன். இந்தப் பிள்ளை நேற்றுத் திடீரென்று கல்லுப் படிக்கப் போகவில்லை. மனைவிக்கு அது தெரிந்திருக்கிறது. பனியைக் கிண்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தது இதற்குத்தான்.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை," என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன வசனங்களில் அதுவே மிகச் சின்னது, மிகக் கடினமானதும்கூட. "நீ வாறியே? தலைவர் வராட்டி எங்களை விடமாட்டினமாம்."

"தெரியும். விண்ணப்பம் போடேக்கையே வாசிச்சனான், சீட்டின்ரை பின்பக்கத்திலையும் போடுவினம்." அப்போது அவன் அடக்கியிருந்த சிரிப்பு வெளியே வந்துவிட்டது. "எப்ப நீங்கள் அந்தப் பக்கத்தைத் திருப்புவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். இவ்வளவு நாள் செல்லும் எண்டு நினைக்கேல்லை. ஓம், வாறன்."

வடைத் தகரத்தை உடைத்தோம். நண்பர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். பாலைவனத்துக்கென்று சுட்ட வடை மொன்ட்ரியால்-நோரிலேயே முடிந்தது.

பயணத்துக்கு முதல்நாள் அவன் வீட்டுக்கு வந்து தன் பழைய அறையில் படுத்தான். புறப்படும்போது, ஆள் வந்துவிட்டதால் கல்லை வீட்டில் விட்டுவிடும்படி மனைவியிடம் சொன்னேன். ஓம் என்றாள்.

பாலைவனத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அவ்வளவு சொல் வராது. விடியற்காலையில் பூங்கா வாசலில் நின்றோம். விதிகளை விளக்கும் படம் ஒன்றைத் திரையில் காட்டினார்கள். மகன் குழுத் தலைவராக முதலில் கையெழுத்திட்டான். அவனுக்குக் கீழே நான் இட்டேன். சூரியன் வந்ததும் மலை முழுவதும் செம்மஞ்சளாக மாறியது. மனைவி தன்னையறியாமல் கைகூப்பினாள். கள்ளிகள் ஆள் உயரத்துக்கும் மேலே கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. மகள் ஒவ்வொன்றுக்கும் "பொன்ஜூர்" என்று வணக்கம் சொல்லிக்கொண்டு போனாள். பத்து மணிக்குமேல் வெயில் ஏறியது. போத்தல்கள் இலகுவாகின. உச்சி அதோ தெரிகிறது, இன்னும் அரை மணித்தியாலம் இருக்குமோ என்னவோ. மகன் நின்று எல்லோருடைய போத்தலையும் தூக்கிப் பார்த்தான்.

"பாதி முடிஞ்சுது. திரும்புவம்."

என் வாய்வரை ஒரு சொல் வந்தது. கிட்டத்தான், ஏறிவிடலாம் என்று. விழுங்கிவிட்டேன். "தலைவர் சொல்லிப்போட்டார்," என்று திரும்பினேன். மகள் கைதட்டினாள்.

கீழே வாசலில் பைகளைச் சோதித்தார்கள். காவலர் ஒரு பெண். தொப்பிக்குக் கீழே வெயிலில் சிவந்த முகம். மனைவியின் பையைத் திறந்து, சீப்பு, பவுடர், பொட்டு எல்லாவற்றையும் தாண்டிக் கையை உள்ளே விட்டார். கை வெளியே வந்தபோது அதில் சாம்பல் நிறக் கல் இருந்தது.

"இங்கிருந்து கல் எடுக்கக்கூடாது என்று வாசித்தீர்களா?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

என் உயிர் போய்விட்டது. மனைவியைப் பார்த்தேன்.

"மூண்டு மாதம் எங்களோட நடந்த கல்லு," என்றாள் அவள் தமிழில், என்னிடம். "பிள்ளை வந்தவுடனை அதை விட்டுட்டு வாறதோ? ஞாயமோ?"

விளக்கம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். விபூதி, மூன்று பேர், தக்காளிப் பாத்தி. ஆங்கிலத்தில் ஒன்றும் ஒன்றோடொன்று சேரவில்லை. அதற்குள் மகன் முன்னால் போய், கல்லைத் தரலாமா என்று மரியாதையாகக் கேட்டு வாங்கினான். போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரில் கொஞ்சம் அதன்மேல் ஊற்றினான். ஈரம் பட்டதும் சாம்பல் கறுத்து, அதற்குள் சின்னஞ்சிறு சிப்பிகள் தெரிந்தன. விரல்நகம் அளவில் நாலைந்து, வரிவரியாக, நேற்றுக் கரையொதுங்கியவைபோல. மூன்று மாதம் நான் முதுகில் சுமந்த கல்லில் இப்படியொன்று இருந்ததை நான் காணவில்லை.

"இந்த மலை உருகிய குழம்பு இறுகி உண்டான கருங்கல். இதற்குள் சிப்பி இருக்க வழியில்லை," என்றான் மகன். "இது கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். மொன்ட்ரியாலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஆற்றங்கரையில் எடுத்தது."

காவலர் சட்டைப்பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். இரண்டு தலைகளும் கல்லின் மேல் குனிந்தன. அவர் ஏதோ கேட்டார், இவன் ஏதோ சொன்னான். அவர் உள்ளே நின்ற இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது, யாரும் கவலைப்படவில்லை. கல்லு உனக்குச் சோறு போடுமோ என்று கேட்ட நான் ஒரு ஓரத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பெருமை என்றால் அப்படியொரு பெருமை. வெட்கமும் அதே அளவு.

கடைசியில் காவலர் மனைவியின் பக்கம் திரும்பினார். "எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு தூரம் ஏன் ஒரு கல்லைத் தூக்கிவந்தீர்கள்?"

மனைவிக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம். "நாங்கள் மூன்று பேர். இது நாலாவது ஆள்," என்றாள்.

காவலர் விரலால் எங்களை எண்ணினார். "நீங்கள் நாலு பேர் இருக்கிறீர்களே?"

"இப்போது, ஓம்," என்றாள் மனைவி.

அந்தப் பெண்ணுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. என் முகத்தையும் மகனின் முகத்தையும் பார்த்துவிட்டு, கல்லை இரண்டு கையாலும் மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார். கொண்டுவந்த எதையும் இங்கே விட்டுப்போகக்கூடாது, கவனமாக வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

கார் நிறுத்திய இடம்வரை கல்லை நான் சுமந்தேன். மகன் கை நீட்டினான், கொடுக்கவில்லை. ஈரம் காய்ந்து சிப்பிகள் மறுபடி மறைந்துகொண்டிருந்தன. என் போத்தலில் இருந்த கடைசி மிடறை அதன்மேல் ஊற்றினேன்.

"கடல் சிப்பி எங்கட ஆத்தங்கரைக்கு எப்பிடி வந்தது?" என்று கேட்டேன்.

"அது பெரிய கதை, அப்பா."

"விமானம் நாளைக்குத்தானே," என்றேன். "முதலில இருந்து சொல்லு."